நான்கும் இருபதும்

இரண்டு இடத்திலும் வா என்கிறார்கள்.
ஓரிடத்தில் மறுத்திருந்தால்
நன்றி சொல்லி மற்றதற்குப் போயிருப்பேன்.
பள்ளியிறுதித் தேர்வில் தேறினால் போதும்,
இந்த நாட்டில் இரண்டு கதவும் திறந்தே கிடக்கும்.
முதல் வருஷ முடிவில்தான்
வடிகட்டிப் பின்வாசல் வழியே அனுப்புவார்கள்.

பீல் ரயில் நிலையத்தில் ஒரே மேடை.
இந்தப் பக்கம் ஏறினால் சூரிச்,
அந்தப் பக்கம் ஏறினால் லோசான்.
இரண்டும் ஏறக்குறைய ஒரு மணி நேரம்.

அட்டவணை போட்டேன்.
எந்திரவியலுக்கு அது,
நுண்பொறியியலுக்கு இது,
அறை வாடகை, ஆய்வகம், உணவகத்துச் சூப்பு.
கூட்டினால் எழுபத்தொன்று, எழுபத்தொன்று.
ஏரியை மறந்திருந்தேன். சேர்த்தேன்.
இரண்டு ஊரிலும் ஏரி.

அப்பா நகரப் பேருந்து ஓட்டுகிறார்.
ஒவ்வொரு நிறுத்தத்தையும் பதிவுக்குரல்
ஜெர்மனில் ஒரு தரம், பிரெஞ்சில் ஒரு தரம் சொல்லும்.
எங்கள் வீடும் அப்படித்தான்.
அவர் அந்த மொழியில் கேட்பார்,
அம்மா இந்த மொழியில் பதில் சொல்வாள்,
உப்பு மட்டும் கேட்காமலே கைமாறும்.

அம்மா கடிகாரத் தொழிற்சாலையில்
கண்ணில் லென்ஸை இடுக்கிக்கொண்டு
மயிரிழை வில்லுக்கு மூச்சு இருக்கிறதா என்று பார்ப்பவள்.
"நான் கையால் செய்வதை
லோசானில் பாடமாகவே வைத்திருக்கிறார்கள்" என்றாள்,
சும்மா சொல்வதுபோல.
அப்பா எதுவும் சொல்லவில்லை.
மறுநாள் காலை குளிர்பெட்டிக் கதவில்
சூரிச் வண்டிகளின் கால அட்டவணை.
அதன் கீழே, பால் வாங்க வேண்டும் என்ற பழைய சீட்டு.

ஏப்ரல் முப்பது. நள்ளிரவோடு விண்ணப்பம் மூடும்.
அன்று மாலை பார்த்துத்தான்
தம்பி லோயிக் ஐந்து பிராங்குக்குப் பந்தயம் கட்டி
ஏரியில் குதித்தான்.
ஆல்ப்ஸ் பனி கரைந்து வந்து சேர்ந்த தண்ணீர்.
குதித்தவன் மேலே வரவில்லை.

துறைப் பலகையில் மண்டியிட்டேன்.
வாய் தானாக எண்ணியது.
பதினெட்டு. பத்தொன்பது. இருபது.
ஒன்றும் இருபதும்.
இரண்டும் இருபதும்.
மூன்றும் இருபதும்.
நான்கும் இருபதும்—
கட்டியிருந்த படகின் மறுபக்கத்திலிருந்து
நீல உதட்டோடு சிரித்துக்கொண்டு எழுந்தான்.

முதலில் அறைந்தேன்.
பிறகு என் கோட்டைப் போர்த்தினேன்.
வீடுவரை திட்டிக்கொண்டே வந்தேன்.

ராத்திரிதான் உறைத்தது.
ஒன்றை முன்னால் வைத்துப் பத்தைப் பின்னால் வைப்பது
அப்பாவின் மொழி.
அம்மாவின் மொழியில் இருபதுதான் முதலில் வரும்.
உயிர் போகிற நேரத்தில் வாயில் வந்த எண்
பொய் சொல்லாது என்று நினைத்து
சூரிச் விண்ணப்பத்தைத் திறந்தேன்.
பெயர், பிறந்த தேதி, முகவரி,
கடைசிப் பக்கம்வரை போய்விட்டேன்.

சுவருக்கு அப்பால் லோயிக்கின் தும்மல்.
ஒன்று, இன்னொன்று.

திட்டியதை நினைத்துப் பார்த்தேன்.
கால் மணி நேரம், ஒரு சொல்லும் தடுக்காமல்:
குளிர் தசையை என்ன செய்யும்,
நனைந்த சட்டையை ஏன் கழற்ற வேண்டும்,
நிற்காதே, நட,
விரலை மடக்கு, விரி,
நீ ஒரு முட்டாள், அதற்கு மூன்று சான்று.
முழுக்க முழுக்கப் பிரெஞ்சில்.

எண்ணியபோது பலகையில் மண்டியிட்டபடி
சும்மாதான் இருந்தேன்.
திட்டியபோது அவனை வீட்டுக்குக் கொண்டுவந்து சேர்த்தேன்.

பதினொன்று நாற்பதுக்கு
லோசானுக்கு அனுப்பினேன்.

இரவு முறை முடிந்து அப்பா வந்தார்.
சொன்னேன், அவர் மொழியில்.
ஒரு காலணியைக் கழற்றிவிட்டு
மற்றதைக் கழற்ற மறந்து கேட்டார்:
"இடையில் வண்டி மாற வேண்டுமா?"
"வேண்டாம், நேர் வண்டி."
"நல்லது."

கதவிலிருந்து அட்டவணையை அவர் எடுக்கவில்லை.
பாலும் வாங்கி வந்திருக்கவில்லை.